வலி மாத்திரை: மருந்துக் கடையில் ஓயாமல் கேட்கும் சந்தேகங்கள்

நான் மருந்தாளுநர். விசைத்தறி ஊர் ஒன்றில் பதினாறு வருடமாகக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். இடுப்பு வலி, முட்டி வலி, தோள்பட்டை வலி என்று ஆள் வராத நாள் கிடையாது. பன்னிரண்டு மணி நேரம் நின்றபடியே தறி ஓட்டும் ஊரில் வேறென்ன வரும்? மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டே அவர்கள் கேட்கும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றேதான். பின்னால் கூட்டம் நிற்கும்போது பாதி பதில்தான் சொல்ல முடியும். மீதிப் பாதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

இது பொதுவான விளக்கம்தான். உங்களை நேரில் பார்த்த டாக்டர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதைக் கேளுங்கள்.

ஏனுங்க, வலி மாத்திரைன்னா எல்லாம் ஒண்ணுதானுங்களே?

இரண்டு வகை உண்டு. ஒன்று பாராசிட்டமால். டோலோ, கால்பால், குரோசின் எல்லாம் இதுதான். வலியும் காய்ச்சலும் குறையும். வீக்கத்துக்குப் பெரிதாக உதவாது. இன்னொன்று வீக்கத்தையும் சேர்த்துக் குறைப்பது. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்சென், மெஃபெனமிக் ஆசிட், எட்டோரிகாக்சிப், கெட்டோரோலாக், நிமசுலைடு எல்லாம் இந்த வகை. ஆஸ்பிரின் இவற்றுக்கெல்லாம் மூத்தது. அழற்சி எதிர்ப்பு மருந்து என்று புத்தகங்களில் போட்டிருப்பது இந்த இரண்டாவது வகையைத்தான். நான் இனி ‘வலி மாத்திரை’ என்று எழுதினால் இதையே சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவை வேலை செய்யும் விதம் தெரிந்தால் பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். அடிபட்ட இடத்தில் உடம்பு புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. வலியும் வீக்கமும் அதனால்தான். ஆஸ்பிரின் அந்தச் சுரப்பை அடைக்கிறது என்று 1971ல் லண்டனில் ஜான் வேன் கண்டுபிடித்தார். 1982ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சிக்கல் என்னவென்றால், அதே புரோஸ்டாகிளாண்டின்தான் வயிற்றின் உட்சுவரை அமிலம் அரிக்காமல் காக்கிறது. கிட்னிக்கு ரத்தம் சரியாகப் போகவும் அதுதான் துணை. முட்டி எது, வயிறு எது என்று மாத்திரைக்குத் தெரியாது. எங்கே பார்த்தாலும் அடைத்துவிடும்.

அப்ப டோலோவும் வயித்தப் புண்ணாக்குமா?

வழக்கமான அளவில் ஆக்காது. அதில் பார்க்க வேண்டியது கல்லீரலை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் மேல் போகக் கூடாது. 650 மாத்திரை ஆறு போட்டால் 3,900 மி.கி. ஆகிவிடும். தினமும் குடிப்பவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், எடை குறைந்தவர்களுக்கு அளவு இன்னும் குறைவு. டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

சீட்டு இல்லாமலே கொடுக்கறீங்க. அப்ப ஆபத்து இல்லாத மாத்திரைன்னுதானே அர்த்தம்?

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். அர்த்தம் அதுவல்ல.

முதலில் நம் சட்டம். வெளிநாடுகளில் இருப்பதுபோல ‘சீட்டு தேவையில்லாத மருந்து’ என்று தனியாக ஒரு பட்டியல் இங்கே சட்டத்தில் இல்லை. ஷெட்யூல் ஹெச் என்ற பட்டியலில் இருப்பதை டாக்டர் சீட்டோடு மட்டும்தான் விற்க வேண்டும். டைக்ளோஃபெனாக் போன்றவை அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். ஆனாலும் நாடு முழுக்கக் கேட்டவுடன் கிடைக்கிறது. எங்கள் தொழிலில் இருக்கும் பெரிய ஓட்டை இது, மறைத்து என்ன ஆகப் போகிறது. சுலபமாகக் கிடைப்பதை வைத்து ஆபத்தில்லை என்று முடிவுகட்டினால், தப்பு நடந்த இடத்தையே சான்றாக எடுத்துக்கொள்வது போல ஆகும்.

பிரிட்டனைப் பாருங்கள். ஐபுபுரோஃபென் 1969ல் அங்கே டாக்டர் சீட்டில் மட்டும் கிடைத்தது. 1983ல் குறைந்த அளவில், சில நாளைக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு சீட்டில்லாமல் விற்க விட்டார்கள். டைக்ளோஃபெனாக்குக்கு நடந்தது தலைகீழ். குறைந்த அளவு மாத்திரை கடையில் சும்மாவே கிடைத்துக்கொண்டிருந்தது; இதயத்துக்கு ஆபத்து என்று தெரிந்ததும் 2015 ஜனவரியில் அதைத் திரும்பச் சீட்டுக்குள் கொண்டுபோனார்கள். மாத்திரைக்குள் இருக்கும் மருந்து மாறவே இல்லை. எத்தனை மி.கி., எத்தனை நாள், யாருக்கு என்ற கணக்குத்தான் மாறியது. டாக்டர் சீட்டு எழுதும்போது அந்தக் கணக்கை உங்களுக்காக அவர் போடுகிறார். சீட்டில்லாமல் வாங்கினால் நீங்கள்தான் போட வேண்டும்.

சரி, அந்தக் கணக்கையே சொல்லுங்க. ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை நாளைக்கு?

உடம்பில் வேறு நோய் இல்லாத, வேறு மாத்திரை எதுவும் போடாத பெரியவருக்கு, டாக்டரைப் பார்க்காமல் ஐபுபுரோஃபென் ஒரு நாளைக்கு 1,200 மி.கி. என்பதுதான் பிரிட்டன், அமெரிக்கா இரண்டிலும் உச்ச வரம்பு. நம் ஊரில் கிடைக்கும் மாத்திரை பெரும்பாலும் 400. மூன்று போட்டால் வரம்பு முடிந்தது. காம்பிஃபிளாமில் 400 ஐபுபுரோஃபெனும் 325 பாராசிட்டமாலும் சேர்ந்திருக்கிறது, அதனால் அதற்கும் இதே மூன்றுதான். டாக்டர் எழுதினால் இதைவிடக் கூடுதலாகவும் எழுதுவார். அதை அவர் பிபி, கிட்னி எல்லாம் பார்த்துவிட்டு எழுதுகிறார்.

நாள் கணக்கில் நான் சொல்வது: சுளுக்கு, பல் வலி, இடுப்புப் பிடிப்பு என்றால் மூன்று நாள். மிஞ்சிப் போனால் ஐந்து. அதற்குள் தணியாத வலிக்கு வேறு காரணம் இருக்கும், மாத்திரையைக் கூட்டுவதில் பயனில்லை. கெட்டோரோலாக் மட்டும் தனி. அது வீரியம் கூடினது. டாக்டரே எழுதினாலும் ஐந்து நாளைத் தாண்டக் கூடாது என்பது அதன் விதி. பல் டாக்டர் எழுதின பழைய சீட்டை வைத்துக்கொண்டு அதையே மாதக்கணக்கில் கேட்கிறவர்கள் உண்டு. நான் கொடுப்பதில்லை, திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

இந்த அட்டையில ஒண்ணு, அந்த அட்டையில ஒண்ணு. ரெண்டும் வேற வேற கம்பெனிதானே, சேர்த்துப் போடலாமா?

கம்பெனிப் பெயரைப் பார்க்காதீர்கள், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பாருங்கள். எலும்பு டாக்டர் ஒரு பெயரில் அசிக்ளோஃபெனாக் கொடுத்திருப்பார், பல் டாக்டர் வேறு பெயரில் டைக்ளோஃபெனாக் கொடுத்திருப்பார். இரண்டும் ஒரே குடும்பம். சேர்த்துப் போட்டால் வலி இரண்டு மடங்கு குறையாது, வயிற்றுப் புண்ணுக்கான வாய்ப்பு மட்டும் ஏறும். என் மாமனாரே மூன்று நிறத்தில் மூன்று மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். அட்டைகளை வாங்கிப் பார்த்தால் மூன்றிலும் டைக்ளோஃபெனாக்.

ஏதாவது ஒரு வலி மாத்திரையோடு பாராசிட்டமால் சேர்க்கலாம், அது வேறு வகை என்று முதலிலேயே பார்த்தோம். ஆனால் அட்டையில் ஏற்கெனவே பாராசிட்டமால் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெயருக்குப் பின்னால் ‘பி’ என்று இருந்தால் அநேகமாக அதுதான். ‘எஸ்பி’ என்று இருந்தால் செர்ராஷியோபெப்டிடேஸ் என்று ஒன்று கூட இருக்கும். வீக்கம் வடியும் என்று சொல்லி விற்பார்கள். பயன் உறுதிப்படவில்லை என்று ஜப்பானில் அதை விற்ற கம்பெனியே 2011ல் சந்தையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டது. இங்கே இன்னும் எழுதுகிறார்கள். கெடுதல் பெரிதாக இல்லை, காசுதான் கூட.

சாப்பிட்டுட்டுப் போட்டா ஒண்ணும் ஆகாதுங்களே? கேஸ் மாத்திரையும் சேர்த்துத்தான் போடறேன்

சாப்பிட்ட பிறகு போட்டால் எரிச்சலும் குமட்டலும் குறையும். புண் வராது என்று சொல்ல முடியாது. மாத்திரை வயிற்றில் உரசுவதால் மட்டும் புண் வருவதில்லை. ரத்தத்தில் கலந்த பிறகும் அந்தக் காவலை அது அடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

கேஸ் மாத்திரை என்று நீங்கள் சொல்வது பான்டோபிரசோல், ஒமெப்ரசோல் வகையாக இருந்தால் வயிற்றுப் புண்ணை நன்றாகவே தடுக்கும். அறுபத்தைந்து வயது தாண்டியவர்கள், முன்பு அல்சர் வந்தவர்கள், ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையோ போடுகிறவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள் இவர்களுக்கெல்லாம் வலி மாத்திரை தவிர்க்க முடியாதபோது டாக்டர் அதைச் சேர்த்தே எழுதுவார். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும். அது காப்பது வயிற்றையும் முன்குடலையும் மட்டும். கிட்னிக்கும் இதயத்துக்கும் அதனால் ஒரு பாதுகாப்பும் கிடையாது. இதைப் பலரும் யோசிப்பதில்லை.

மோர் குடிச்சா சூடு தணிஞ்சிடுமில்ல?

மோர் நல்லதுதான், தண்ணீரும் உள்ளே போகும். புண்ணைத் தடுக்காது.

மாத்திரை வேண்டாங்க, ஊசி போட்டுக்கறேன். அது வயித்துக்கே போகாதில்ல?

போன பதிலுக்கு முந்தின பதிலைப் பாருங்கள். மருந்து ரத்தம் வழியாகவே வயிற்றுச் சுவருக்குப் போய்ச் சேரும். ஊசியாலும் அல்சர் வரும். வாந்தி எடுக்கிறவருக்கு, கல்லடைப்பு வலியில் துடிக்கிறவருக்கு ஊசி தேவை, ஆஸ்பத்திரியில் போடுவார்கள். உடம்பு வலிக்கிறது என்று வாரம் ஒரு ஊசி போட்டுக்கொள்வது பழக்கம்தானே ஒழிய வைத்தியமில்லை.

ஜெல், ஸ்பிரே தடவினா?

முட்டி, மணிக்கட்டு, கணுக்கால் போலத் தோலுக்குப் பக்கத்தில் இருக்கும் மூட்டுகளுக்கு நான் முதலில் எடுத்துக் கொடுப்பது ஜெல்தான். டைக்ளோஃபெனாக் ஜெல் தடவினால் ரத்தத்தில் சேருவது மாத்திரையில் சேருவதில் நூற்றுக்கு ஆறு பங்கு அளவுதான். வயிறும் கிட்னியும் பெரும்பாலும் தப்பிக்கும். மேலே தடவும் மருந்து என்பதால் சட்டமும் சீட்டு கேட்பதில்லை. இடுப்பெலும்பு மூட்டு மாதிரி ஆழத்தில் இருக்கும் வலிக்கு அது எட்டாது. காயம், சிரங்கு மேல் தடவாதீர்கள். தடவிய கையோடு கண்ணைத் தேய்க்காதீர்கள். தடவிவிட்டு மேலே சுடுநீர்ப் பை வைத்துக் கட்டும் வழக்கமும் வேண்டாம், மருந்து உள்ளே போகும் அளவு கூடிவிடும்.

எனக்கு பிபி இருக்குது. மாத்திரை போடறதால கண்ட்ரோல்லதான் இருக்குது. போடலாங்களா?

ஒருநாள் ஒரு மாத்திரையில் ஒன்றும் கவிழ்ந்துவிடாது. தொடர்ந்து போட்டால் உடம்பில் உப்பும் நீரும் தங்கி பிபி ஏறும். பிபி மாத்திரையின் வேலையும் பாதி கெடும். கால் வீங்கும். டாக்டர் பிபி மாத்திரையைக் கூட்டுவார், காரணம் வலி மாத்திரை என்று யாருக்கும் தெரியாமலே போகும். எட்டோரிகாக்சிப் இதில் இன்னும் கறார்: பிபி 140/90க்கு மேல் அடங்காமல் நிற்கிறவர்களுக்கு அதைக் கொடுக்கவே கூடாது.

மூன்று சேரும்போது உண்மையான ஆபத்து. டெல்மிசார்டன் அல்லது எனலாப்ரில் வகை பிபி மாத்திரை ஒன்று, நீர் பிரிய வைக்கும் மாத்திரை ஒன்று, அதோடு வலி மாத்திரை. ஒவ்வொன்றும் கிட்னிக்குள் ரத்த அழுத்தத்தை ஒவ்வொரு பக்கமிருந்து குறைக்கும். மூன்றும் சேர்ந்து, கூடவே வயிற்றுப்போக்கோ வெயிலில் தண்ணீர் குடிக்காத நாளோ வந்தால் கிட்னி திடீரென்று நின்றுபோக வாய்ப்பிருக்கிறது. பல பிபி மாத்திரைகளில் முதல் இரண்டும் ஒரே மாத்திரைக்குள் இருக்கும். பெயருக்குப் பின்னால் ‘ஹெச்’ என்று இருந்தால் நீர் மாத்திரை சேர்ந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

வலி மாத்திரை போட்டா கிட்னி போயிடும்ங்கறாங்களே, நெசமாவா? சும்மா பயமுறுத்தறாங்களா?

ரெண்டும்தான். நல்ல கிட்னி உள்ள இளவயதுக்காரர் மூன்று நாள் போட்டதால் கிட்னி போகாது. ஏற்கெனவே கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) ஏறினவர், நெடுநாள் சர்க்கரைக்காரர், இதயம் பலவீனமானவர், வயதானவர், மேலே சொன்ன மூன்றும் சேர்ந்தவர் இவர்களுக்குச் சில நாளே போதும். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது யாருக்குமே நல்லதில்லை. கரும்பு வெட்டப் போகிறவர்கள் காலையிலேயே ஒரு வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க வெயிலில் நிற்பார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்கு உள்ளூரக் கலக்கம்தான்.

கிட்னி விஷயத்தில் இந்த மருந்து என்ன செய்யும் என்பதற்குப் பறவைகள் ஒரு பெரிய விலை கொடுத்திருக்கின்றன. மாடுகளுக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டார்கள்; செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகள் சில நாளிலேயே கிட்னி செயலிழந்து விழுந்தன. இந்தியாவில் வெண்முதுகுப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்துபோனது. 2006ல் மாட்டுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. மனிதனுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போடுவதை நிறுத்த, 2015ல் ஊசி மருந்துக் குப்பியை 3 மி.லி.யாகக் குறைத்தார்கள். நீலகிரிக்குக் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிச்சமிருப்பவை இன்றும் கூடு கட்டுகின்றன. கழுகின் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு. அவ்வளவு எளிதில் நமக்கு ஆகாது. இருந்தாலும் கிட்னிக்கும் இந்த மருந்துக்கும் உள்ள பகை கட்டுக்கதை இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

ஹார்ட்டுக்கு ஸ்டென்ட் வெச்சிருக்குது, ஈகோஸ்பிரின் போடறேன். முட்டிக்கு எதைப் போடறது?

கடையில் நின்று முடிவு செய்ய வேண்டிய விஷயம் இல்லை இது, இதய டாக்டரைக் கேட்டே ஆக வேண்டும். காரணத்தை மட்டும் சொல்கிறேன். ஈகோஸ்பிரின் என்பது குறைந்த அளவு ஆஸ்பிரின். ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளாமல் அது பார்த்துக்கொள்கிறது. ஐபுபுரோஃபென் முந்திப் போய் அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டால் ஆஸ்பிரினால் தன் வேலையைச் செய்ய முடியாது. தவிர, இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வாய்ப்பு கூடும். ரத்தம் உறையாமல் இருக்க க்ளோபிடோக்ரெல், அசிட்ரோம் போடுகிறவர்களுக்கும் ரத்தக் கசிவு பற்றி இதே எச்சரிக்கை.

இன்னொரு பக்கம், ஆஸ்பிரின் தவிர மற்ற வலி மாத்திரைகளே மாரடைப்பு, பக்கவாத வாய்ப்பைக் கூட்டுகின்றன. முதல் சில வாரங்களிலேயே அது தொடங்கலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2015ல் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. வயிற்றுக்குப் பாதகமில்லாத வலி மாத்திரை என்று 1999ல் ரோஃபெகாக்சிப் வந்தது, வயோக்ஸ் என்ற பெயரில். குடலில் கட்டி வராமல் தடுக்குமா என்று பார்க்க நடத்திய ஆய்வில், பதினெட்டு மாதத்துக்குப் பிறகு மாரடைப்பும் பக்கவாதமும் இரண்டு மடங்கு என்று தெரிந்தது. 2004 செப்டம்பரில் கம்பெனியே திரும்பப் பெற்றது. அதே வருடம் இந்தியாவிலும் தடை. அது முழுக்க முழுக்க டாக்டர் சீட்டில் போன மருந்து என்பதைக் கவனியுங்கள்.

அதுவரை முட்டிக்கு? பாராசிட்டமால், ஜெல்.

காய்ச்சலோட உடம்பு வலி. சாதா மாத்திரை கேக்கலைங்க, கொஞ்சம் பவரா குடுங்க

ஐப்பசி, கார்த்திகை மழையில் இப்படிக் கேட்டால் நான் கொடுக்கவே மாட்டேன். டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் ஒன்றுதான். டெங்குவில் தட்டணுக்கள் குறையும். மீதியிருக்கும் தட்டணுக்களையும் வலி மாத்திரை வேலை செய்யவிடாது, வயிற்றிலும் புண்ணைக் கிளப்பும். ரத்தக் கசிவுக்கு நாமே கதவைத் திறந்துவிட்ட மாதிரி. காய்ச்சல் விட்ட மறுநாள், மூன்றாம் நாள்தான் டெங்குவில் ஆபத்தான நேரம். காய்ச்சல் போய்விட்டதே என்று கை கால் வலிக்கு அப்போது டைக்ளோஃபெனாக் வாங்க வருகிறார்கள். இரண்டு நாள் காய்ச்சல் என்றால் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

பாப்பாவுக்குப் பெரியவங்க மாத்திரையில பாதி ஒடைச்சுக் குடுக்கலாமா?

கூடாது. குழந்தைக்கு எடை பார்த்துத்தான் அளவு. ஐபுபுரோஃபென் ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி. என்று டாக்டர் கணக்குப் போடுவார். ஆறு மாதத்துக்குள் இருக்கும் பிள்ளைக்கு நீங்களாகக் கொடுக்கக் கூடாது. வாந்தி பேதியில் துவண்டிருக்கும் பிள்ளைக்கும், அம்மை போட்ட பிள்ளைக்கும் வேண்டாம். அம்மை என்றால் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் கலந்த எதையும் பதினாறு வயதுக்குள் டாக்டர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய் என்ற அரிய ஆபத்து அதில் உண்டு. நிமசுலைடை பன்னிரண்டு வயதுக்குக் கீழே கொடுக்க இந்தியாவில் 2011லிருந்தே தடை. வீட்டில் பழைய பாட்டில் இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

மாசாமாசம் அந்த மூணு நாளைக்கு மெஃப்டால் போடறேன். கர்ப்பப்பை கெட்டுடும்ங்கறாங்க அம்மா

கெடாது. இந்தக் கேள்வியைப் பெண்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள், அதனால் சத்தமாகவே சொல்கிறேன்: மாதவிடாய் வலிக்கு இந்த வகை மாத்திரைகள்தான் சரியான மருந்து. அந்த வலிக்கே காரணம் கர்ப்பப்பையில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின். வலி உச்சிக்கு ஏறின பிறகு போடாமல், தொடங்கும்போதே சாப்பிட்டுவிட்டுப் போட்டால் நன்றாகக் கேட்கும். இரண்டு மூன்று நாளோடு நிறுத்திவிடுங்கள். மாத்திரைக்கும் அடங்காத வலி, வருடா வருடம் கூடும் வலி என்றால் மகப்பேறு டாக்டரைப் பாருங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டியதில்லை.

2023 நவம்பரில் இந்திய மருந்தியல் ஆணையம், மெஃப்டாலில் இருக்கும் மெஃபெனமிக் ஆசிட் பற்றி ஒரு எச்சரிக்கை விட்டது. அரிதாகச் சிலருக்குக் காய்ச்சல், தோல் தடிப்பு, நெறி கட்டுதல், கல்லீரல் மாதிரி உறுப்புகள் பாதிப்பு எல்லாம் சேர்ந்த ஒவ்வாமை வரலாம் என்று. செய்தி வந்த வாரம் ஒருவர் விடாமல் கேட்டார்கள். மாத்திரைக்குத் தடை எதுவும் இல்லை. போட்ட சில வாரத்துக்குள் காய்ச்சலும் தடிப்பும் சேர்ந்து வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள், அவ்வளவுதான்.

நாலு மாசம் முழுகாம இருக்கறேன், இடுப்பு வலி தாங்கலீங்க

பாராசிட்டமால், அதுவும் டாக்டரிடம் சொல்லிவிட்டு. இருபது வாரத்துக்குப் பிறகு வலி மாத்திரை போட்டால் குழந்தையின் கிட்னி பாதித்துப் பனிக்குட நீர் குறையலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2020ல் எச்சரித்தது. கடைசி மூன்று மாதத்தில் குழந்தையின் இதயத்தருகே திறந்திருக்க வேண்டிய ரத்தக்குழாய் முன்னதாகவே மூடிக்கொள்ளலாம். டாக்டரே சின்ன அளவு ஆஸ்பிரின் எழுதியிருந்தால் அது வேறு காரணத்துக்கு, பயந்து நிறுத்தாதீர்கள். பிரசவத்துக்குப் பிறகு பால் கொடுக்கும்போது ஐபுபுரோஃபென் போடலாம். பாலில் போவது மிகக் குறைவு.

இளைப்பு இருக்குது. ஒரு தடவை வலி மாத்திரை போட்டு மூச்சு முட்டிப்போச்சு

அப்படியானால் இந்தக் குடும்பத்தையே விட்டு விலகுங்கள், வேறு பெயரில் வந்தாலும். ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கு இப்படி ஆகும். மூக்கில் சதை வளர்ச்சி உள்ளவர்களுக்குக் கூடுதல். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் வார்த்தையாக இதைச் சொல்லுங்கள். வலிக்கு ஊசி போடும் முன் அவர்களாகக் கேட்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

உடம்பு வலிக்கு ஒரு செட் குடுங்க

அட்டையிலிருந்து கத்தரித்த நாலைந்து மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பதுதான் செட். பெயர் தெரியாது, தேதி தெரியாது. ஒரு வலி மாத்திரை, ஒரு பாராசிட்டமால், ஒரு கேஸ் மாத்திரை இருக்கும். சில இடங்களில் சின்னதாக ஒரு வெள்ளை மாத்திரையும் சேர்ப்பார்கள். டெக்ஸாமெதாசோனோ பீட்டாமெதாசோனோ, அதாவது ஸ்டீராய்டு. அதுவும் வீக்கத்தைக் குறைக்கும் மருந்துதான், ஆனால் வேறு வழியில், இன்னும் வீரியமாக. போட்ட அன்றே பறக்கிற மாதிரி இருக்கும், பசி எடுக்கும். அதனால்தான் ‘அந்தக் கடை செட்டுத்தான் கேக்குது’ என்று தேடிப் போகிறார்கள்.

சில மாதத்தில் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும், கண்ணில் புரை விழும். ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் சேர்ந்தால் அல்சர் ஆபத்து தனித்தனியாக இருப்பதைவிட ரொம்பவே கூடும். அதைவிடச் சங்கடம், பல மாதம் போட்டவர் சட்டென்று நிறுத்தினால் உடம்பு தானாகச் சுரக்க மறந்திருக்கும், மயங்கி விழலாம். செட் போடும் பழக்கம் உள்ளவர்கள் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லி, படிப்படியாகத்தான் விட வேண்டும்.

இங்கிலீஷ் மருந்தே வேண்டாம்னு லேகியம் சாப்பிடறேன். ரெண்டே நாள்ல வலி போயிடுச்சு. சைடு எஃபெக்ட் இல்லைன்னு போட்டிருக்குது

ரெண்டே நாளில் போனதுதான் எனக்குச் சந்தேகம். முறையான சித்த மருத்துவர் கொடுக்கும் மருந்தை நான் சொல்லவில்லை. பேருந்து நிலையத்தில், போனில் ஆர்டர் எடுத்து அனுப்பும் மூட்டு வலிப் பொடிகளைச் சொல்கிறேன். இப்படிப்பட்ட பொடிகளைச் சோதித்தபோது உள்ளே ஸ்டீராய்டும் டைக்ளோஃபெனாக்கும் கலந்திருந்ததாகப் பல நாடுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அட்டையில் எழுதாமல் கலப்பதால், முன்னால் சொன்ன எந்தக் கணக்கையும் உங்களால் போட முடியாது. உற்பத்தி உரிம எண், தயாரித்தவர் முகவரி இல்லாத டப்பாவை வாங்காதீர்கள்.

எப்ப உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

மலம் தார் போலக் கறுத்துப் பிசுபிசுப்பாகப் போனால். இரும்புச் சத்து மாத்திரையாலும் கறுக்கும், அது போடாதவர்கள் தயங்கவே வேண்டாம். காப்பித் தூள் கரைத்த மாதிரி வாந்தி, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் இழுப்பது, முகம் உதடு வீங்குவது, சிறுநீர் பாதியாகக் குறைவது இவையெல்லாமும்தான். போகும்போது அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். எந்த மருந்தாலும் ஒவ்வாமை வந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே தெரிவிக்கலாம். இந்திய மருந்தியல் ஆணையத்தின் எண் அது.

மூணு வருசமா தெனம் ஒண்ணு போடறேன். ஒண்ணும் ஆகலையே?

ஆகாமல் இருந்தால் சந்தோஷம். ஆனால் வயதானவர்களுக்கு அல்சர் பல நேரம் வலியே இல்லாமல் இருக்கும், வலியைத்தான் மாத்திரை மறைக்கிறதே. முதல் அறிகுறியே ரத்தக் கசிவாக இருக்கலாம். கிட்னியும் பாதிக்கு மேல் போகும்வரை சத்தம் போடாது. பிபி, கிரியாட்டினின், ஹீமோகுளோபின் மூன்றையும் ஒருமுறை பாருங்கள். பெரிய செலவில்லை, அரசு ஆஸ்பத்திரியிலேயே பார்க்கலாம்.

சரவாங்கி (முடக்குவாதம்) மாதிரி நோய்களுக்கு நெடுநாள் வலி மாத்திரை தேவைப்படுகிறவர்கள் உண்டு. அவர்களைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சரவாங்கிக்கு நோயையே அடக்கும் மருந்துகள் தனியாக இருக்கின்றன. வலி மாத்திரையை மட்டும் நம்பினால் உள்ளே மூட்டு தேய்ந்துகொண்டே போகும். அதற்கு மெத்தோட்ரெக்சேட் போடுகிறவர்கள் கடையில் தனியாக வலி மாத்திரை வாங்கிச் சேர்க்காதீர்கள், அந்த மருந்து உடம்பிலிருந்து வெளியேறுவதை அது தடுக்கலாம்.

அதெல்லாம் சரி, உங்களுக்கு முட்டி வலிச்சா நீங்க என்ன போடுவீங்க?

எனக்கும் வலது முட்டி வலிக்கத்தான் செய்கிறது, டெல்மிசார்டனும் போடுகிறேன். ஆகவே ஜெல். ரொம்ப முடியாத நாளில் பாராசிட்டமால். தொடைத் தசைக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள், வாரத்தில் நாலு நாள் செய்கிறேன், மூன்று நாள் ஏமாற்றுகிறேன். போன வருடம் கவுண்டருக்குப் பின்னால் ஒரு உயரமான ஸ்டூல் வாங்கிப் போட்டேன். 850 ரூபாய். அதுதான் நன்றாகக் கேட்கிறது.